நாலு லட்சம், பத்துக்குப் பன்னிரண்டு ரூம்: எந்த வகை ஸ்பீக்கர்?

"ஸ்பீக்கருக்கு நாலு லட்சம் வரை போகலாம், எதை எடுக்கட்டும்?" ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர், கொளத்தூர் என்று நம்ம வடசென்னைப் பக்கத்திலிருந்தே இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் சும்மா வருவதில்லை, கையில் பட்டியலோடு வருகிறார்கள்: கெஃப், பி அண்ட் டபிள்யூ, க்ளிப்ஷ், மேக்னபேன், ஜெனலெக். யூடியூபில் ரிவ்யூ எல்லாம் பார்த்து முடித்துவிட்டுக் குழம்பிப் போய் வருகிறார்கள். குழப்பத்துக்குக் காரணம் உண்டு. ரிவ்யூ செய்கிறவரின் ரூம் நம் வீடு மொத்தத்துக்குச் சமம், தரையில் கம்பளம், ஜன்னலுக்கு வெளியே மரம். நம் ரூம் பத்துக்குப் பன்னிரண்டு அடி, தரை டைல்ஸ் அல்லது பழைய மொசைக், ஒரு பக்கம் பீரோ, ஒரு பக்கம் கட்டில், சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரர் படுத்திருக்கிறார், வெளியே எண்ணூர் போகிற கண்டெய்னர் லாரி.

அதனால் பிராண்டை ஓரமாக வையுங்கள். முதலில் வகையைப் பிடிக்க வேண்டும். வகை சரியாக அமைந்தால் அதற்குள் எந்தக் கம்பெனி என்பது சின்ன விஷயம்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது ரூமும் பேஸும், அதாவது பாட்டின் தாழ்ந்த ஒலியும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி போய்த் திரும்பும்போது, அந்த இடைவெளியைப் பொறுத்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் பெருத்துவிடும். நம்ம ஊர் வெப்பத்தில் பன்னிரண்டு அடிக்கு அது சுமார் 48 ஹெர்ட்ஸ், பத்து அடிக்கு சுமார் 57. கூரையும் பத்து அடி உயரம் என்றால் 57 இரட்டிப்பாக அடிக்கும். பேஸ் கித்தாரின் கீழ்க்கம்பியே 41 ஹெர்ட்ஸ்தான், அதாவது பாட்டின் அடித்தளம் முழுக்க இந்தக் குழப்பத்துக்குள்தான் விழுகிறது. போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு, இப்போது இருக்கிற ஸ்பீக்கரிலேயே 30-லிருந்து 200 வரை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். ஒரு இடத்தில் ரூமே உறுமும், இன்னொரு இடத்தில் பீரோ கைப்பிடி கடகடக்கும், அப்புறம் சமையலறை அலமாரியில் ஏதோ ஒரு எவர்சில்வர் டம்ளர் தன் பங்குக்கு ஆரம்பிக்கும். இதை எந்த விலை ஸ்பீக்கரும் தானாகச் சரிசெய்யாது.

இரண்டாவது, பக்கவாட்டு ஒலி. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலிலும் பிறகு ஹார்மன் நிறுவனத்திலும் ஃப்ளாய்ட் டூல் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை மறைத்து வைத்து ஆட்களைக் கேட்க வைத்தார். நேர் எதிரே சீராகவும், பக்கவாட்டில் போகும் ஒலி அதே சாயலோடு மெல்ல மெல்லக் குறைவதாகவும் இருக்கிற ஸ்பீக்கரைத்தான் பெரும்பாலோர் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். சின்ன ரூமில் காதுக்கு வருவதில் பெரும்பங்கு சுவரில் பட்டு வருவதுதான், அதனால் நமக்கு இது கூடுதலாகவே பொருந்தும்.

மூன்றாவது, சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்பது. 3 டெசிபல் கூட்ட ஆம்ப்பின் (ஆம்ப்ளிஃபயரின்) வாட் இரட்டிப்பாக வேண்டும். 85 டெசிபல் ஸ்பீக்கர் 100 வாட்டில் தருகிற சத்தத்தை 105 டெசிபல் ஸ்பீக்கர் ஒரே வாட்டில் தந்துவிடும். இதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது ஹாஃப்மனின் இரும்பு விதி: சின்னப் பொட்டி, ஆழமான பேஸ், அதிக சென்சிட்டிவிட்டி, இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுக்க முடியும். கீழே வருகிற ஐந்து வகையும் இந்த விதியோடு செய்துகொண்ட ஐந்து சமரசங்கள்தான்.

அப்புறம் ரிவ்யூவில் வராதவை: சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும், உப்புக்காற்றும் சாம்பல் தூசியும் என்ன செய்யும், எர்த்திங் எப்படி, மழைத்தண்ணி உள்ளே வருமா, கூர்மையான ஒலியைத் தருகிற ட்வீட்டர் போனால் யார் மாற்றுவது.

## சின்னப் பொட்டி, கூட ஒரு சப்வூஃபர்

இந்த வகையின் வேர் பிபிசியின் எல்எஸ்3/5ஏ. எழுபதுகளில், வெளி ஒலிபரப்பு வேனுக்குள் உட்கார்ந்து வேலை செய்கிற இன்ஜினியர்களுக்காக வடிவமைத்தது. வேனுக்குள் கேட்பதற்கென்றே செய்த ஸ்பீக்கர் நம் ரூமுக்குப் பொருந்துவதில் என்ன ஆச்சரியம்?

இப்போது இந்த வகையில் அதிகம் பேசப்படுவது கெஃப் எல்எஸ்50 மெட்டா, 2020-ல் வந்தது. தாழ்ந்த ஒலியைத் தருகிற வூஃபரின் 130 மில்லிமீட்டர் கோனுக்கு நடுவிலேயே ட்வீட்டரை வைத்திருக்கிறார்கள். இந்த யூனி-க்யூ முறையை கெஃப் 1988-லிருந்தே செய்துவருகிறது. ட்வீட்டருக்குப் பின்னால் சிக்கலான குழல்கள் கொண்ட ஒரு வட்டு, பின்பக்கம் போகிற ஒலியை அங்கேயே விழுங்கிவிடுகிறது.

நடுவில் ட்வீட்டர் இருப்பதால் நமக்கு என்ன லாபம்? நம் வீட்டில் எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதில்லை. ஒருவர் கட்டிலில், ஒருவர் பாயில், பையன் வாசற்படியில். ட்வீட்டர் மேலே, வூஃபர் கீழே என்று இருக்கிற சாதாரண ஸ்பீக்கரில் காதின் உயரம் மாறினால், இரண்டும் கைமாறுகிற 2,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் ஒலி பள்ளமாகிவிடும். பாடகரின் குரலில் தெளிவு இருப்பதும் நாதஸ்வரத்தின் கூர்மை இருப்பதும் அந்த வட்டாரத்தில்தான். ஷோரூமில் கேட்கும்போது நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தடவை, அதே பாட்டைத் தரையில் உட்கார்ந்து ஒரு தடவை கேளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. ஒரே மையத்தில் இரண்டையும் வைத்த ஸ்பீக்கரில் இந்த மாற்றம் மிகக் குறைவு.

குறை என்று பார்த்தால் சென்சிட்டிவிட்டி 85 டெசிபல், மின்தடை 3.5 ஓம் வரை இறங்கும், அதாவது ஆம்ப் கூடுதல் கரண்ட் தர வேண்டும். சோப்புப் பொட்டி அளவு ஆம்ப்பை வைத்து ஓட்டினால் சத்தம் வரும், உயிர் வராது. நல்ல ஆம்ப், கனமான ஸ்டாண்டு, அப்புறம் ஆழமான பேஸுக்கு மட்டும் ஒரு சப்வூஃபர், இந்த மூன்றையும் சேர்த்தால்தான் உண்மையான விலை. சப்வூஃபர் வாங்கினால் முழுக்க அடைத்த பொட்டியாகப் பாருங்கள். அடைத்த பொட்டியில் பேஸ் கீழே போகப் போக மெதுவாகக் குறையும், சின்ன ரூம் அந்த இடத்தில் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும். ஜன்னல் கதவு எல்லாம் திறந்து வைக்கிற நம் வீட்டில் அந்தத் தூக்கல் கணக்கில் சொல்கிற அளவு வராது என்பது வேறு விஷயம்.

## தரையில் நிற்கிற டவர்

ஆசை அதிகம் இதன்மேல்தான். மார்பளவு உயரம், ஒலியைத் தருகிற கோன், ட்வீட்டர் என்று மூன்று நான்கு டிரைவர், மர வெனீர், வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்காமலே புரிந்துகொள்கிற விலை. பொறியியலும் லேசுப்பட்டதில்லை. பி அண்ட் டபிள்யூவின் 801 வந்தது 1979-ல், லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் அது ஒலிப்பதிவைக் கேட்டுச் சரிபார்க்கிற மானிட்டராக இருந்தது. பொட்டியே அதிர்ந்து பாடக்கூடாது என்பதற்காக உள்ளே குறுக்கும் நெடுக்குமாகப் பலகை வைத்துக் கட்டுகிற மேட்ரிக்ஸ் முறையெல்லாம் அந்த வரிசையில் வந்ததுதான். பெரிய ஹாலில் ஒரு நல்ல டவர் போடுகிற தவிலுக்கு எந்தச் சின்னப் பொட்டியும் ஈடாகாது.

ஆனால் நம் ரூமுக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். இவற்றில் பெரும்பாலானவை போர்ட், அதாவது காற்று போய்வர ஓட்டை வைத்த பொட்டிகள், சுவரிலிருந்து இரண்டு மூன்று அடியாவது தள்ளி வைக்கச் சொல்லுவார்கள். பத்தடி ரூமில் மூன்றடி தள்ளி வைத்தால் நீங்கள் எங்கே உட்காருவீர்கள்? சுவரோடு ஒட்டி வைத்தால் அந்த 48-ம் 57-ம் பொங்கிவிடும், கொடுத்த காசில் பாதி வேண்டாத பேஸுக்குப் போகும், அதைக் குறைக்க அப்புறம் போர்ட்டில் பஞ்சு அடைப்பீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் தரைத்தள வீடு என்றால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணி எங்கே நின்றது என்று உங்களுக்கே தெரியும். பொட்டி பெரும்பாலும் மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை. அடியில் ஒரு தடவை தண்ணி ஏறினால் பலகை ஊதிவிடும், ஊதிய பலகையை யாராலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. ஸ்டாண்டில் இருக்கிற சின்னப் பொட்டியை இரண்டு கையால் தூக்கிப் பரணில் வைத்துவிடலாம். டவரைத் தூக்க ரெண்டு ஆள் வேண்டும்.

## ஹார்ன்

நம்ம ஊருக்கு ஹார்ன் புதுசு கிடையாது. ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது கம்பத்தில் கட்டுகிற கூம்பு ஸ்பீக்கரும் ஹார்ன்தான், பழைய தியேட்டர்களில் திரைக்குப் பின்னால் இருந்ததும் ஹார்ன்தான். தத்துவம் ஒன்றே: சின்னத் தகடு நேரடியாகக் காற்றைத் தள்ளினால் சக்தி பெரும்பாலும் வீணாகும், மெல்ல விரிகிற குழலை முன்னால் வைத்தால் அதே தகடு பலமடங்கு வேலை செய்யும். அதனால்தான் கொஞ்சம் வாட்டிலேயே தெருக்கோடி வரை பாட்டு போகிறது. கூம்பு ஸ்பீக்கர் காதைக் குத்துகிறது என்றால் அது பேச்சு கேட்கட்டும் என்று செய்தது. வீட்டு ஹார்ன் வேறு சாதி.

பால் க்ளிப்ஷ் 1946-ல் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஹோப் என்ற ஊரில் தொடங்கியது க்ளிப்ஷ்ஹார்ன். இன்றும் செய்கிறார்கள். பேஸ் ஹார்னை மடித்துப் பொட்டிக்குள் வைத்து, வீட்டுச் சுவர் மூலையையே குழலின் மிச்ச நீளமாகப் பயன்படுத்திய யோசனைக்காகவே அந்த மனிதரைக் கும்பிடலாம். சென்சிட்டிவிட்டி 105 டெசிபல். விலை நம் நாலு லட்சத்தைத் தாண்டிவிடும், அது மட்டுமில்லாமல் ஒரே சுவரில் இரண்டு காலி மூலை வேண்டும். நம் வீட்டில் ஒரு மூலையில் கதவு, இன்னொன்றில் பீரோ.

நடைமுறையில் பார்க்கக்கூடியது அதே கம்பெனியின் ஹெரசி மாதிரி. முழங்கால் உயரம், பன்னிரண்டு இஞ்ச் வூஃபர், மேலே இரண்டு ஹார்ன், 99 டெசிபல். பேஸ் 48 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், இரும்பு விதியில் இவர்கள் விட்டுக்கொடுத்தது அதைத்தான். நம் ரூமில் அது குறையாகவே தெரியாது, 48-ஐ ரூம் இலவசமாகத் தருகிறதே.

எனக்கு ஹார்ன் பிடிப்பதற்குக் காரணம் சத்தம் இல்லை, சத்தமின்மை. குடியிருப்புப் பகுதியில் ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல்தான் வரம்பு என்று 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. விதியை விடுங்கள், பக்கத்து வீட்டு அக்கா சுவரைத் தட்டினால் அதுதான் விதி. அந்தக் குறைந்த வால்யூமில் பல உயர்ரக ஸ்பீக்கர்கள் தூங்கிவிடுகின்றன. நல்ல ஹார்ன் தூங்காது, பறையில் குச்சி படுகிற அந்த முதல் அடி அப்படியே எழுந்து நிற்கும். கானா கேட்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மறைந்திருக்கிற தொல்லை ஒன்று: இவ்வளவு சென்சிட்டிவாக இருந்தால் ஆம்ப்பின் இரைச்சலையும் பெரிதாக்கிக் காட்டும். பழைய வீட்டில் எர்த்திங் சரியில்லை என்றால் பாட்டுக்கு நடுவே 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வந்துகொண்டே இருக்கும். வாட் குறைந்த, இரைச்சல் இல்லாத ஆம்ப்பாகப் பார்த்து எடுக்க வேண்டும். பக்கவாட்டு ஒலியும் எல்லா ஹார்னிலும் சீராக இருக்காது. நாதஸ்வரம் போட்டுப் பாருங்கள், பத்து நிமிஷத்தில் காது வலித்தால் அந்த ஹார்ன் வேண்டாம்.

## பேனல்

பீட்டர் வாக்கர் 1957-ல் கொண்டுவந்த குவாட் எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கரில் பொட்டி என்பதே கிடையாது. மெல்லிய ஒரு பிலிம், அதற்குப் பல ஆயிரம் வோல்ட், இரண்டு பக்கமும் தகடு. குரல் இதில் வருகிற மாதிரி வேறு எதிலும் வந்து நான் கேட்டதில்லை. தம்பூராவின் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக நிற்கும்.

வாங்காதீர்கள். முன்னும் பின்னும் ஒரே அளவு ஒலி விடுகிற வகை இது, பின்சுவரிலிருந்து நிறைய இடம் வேண்டும். அதை விடக் காற்றுதான் சிக்கல். காலையில் துடைத்த ஜன்னல் கம்பியில் சாயங்காலம் விரலை வைத்தால் என்ன ஒட்டுகிறது என்று எண்ணூர், திருவொற்றியூர்க்காரர்களுக்குத் தெரியும். உயர் மின்னழுத்தம் தூசியைத் தானாக இழுக்கும், கடற்கரை ஈரம் சேர்ந்தால் உள்ளே பொறி தட்டும், பேனல் போச்சு.

மேக்னபேன் போன்ற காந்தப் பேனலில் அந்த உயர் மின்னழுத்தம் இல்லை, அந்த அளவுக்கு நிம்மதி. ஆனால் பிலிமில் கம்பியைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள், பல வருஷம் கழித்துப் பசை விட்டுக் கம்பி உரிவது அவற்றில் தெரிந்த வியாதி. நாலு ஓம், 86 டெசிபல், ஆம்ப்பும் பெரிசாக வேண்டும். கொளத்தூர், பெரம்பூர் பக்கம் கடலிலிருந்து தள்ளி, பெரிய ஹால், தனி வீடு, தினமும் துணி போட்டு மூடுகிற பொறுமை, கேட்பது பெரும்பாலும் கச்சேரி என்றால் மட்டும் இதைப் பற்றிப் பேசலாம்.

## ஆக்டிவ்

ஒவ்வொரு டிரைவருக்கும் தனி ஆம்ப், எல்லாம் பொட்டிக்குள்ளேயே. அதிர்வெண்ணைப் பிரிக்கிற வேலை ஆம்ப்புக்கு முன்னாலேயே, பல மாடல்களில் டிஜிட்டலாக நடந்துவிடுகிறது. எந்த டிரைவருக்கு எந்த ஆம்ப் என்று வடிவமைத்தவருக்கே தெரியும் என்பதால் பொருத்தம் பார்க்கிற வேலை நமக்கு இல்லை. பின்லாந்தில் 1978-ல் தொடங்கிய ஜெனலெக் இதில் மூத்த கை. ரூமில் மைக் வைத்து அளந்து, பெருத்த அதிர்வெண்ணைத் தானாகக் குறைக்கிற மென்பொருளும் அவர்களிடம் உண்டு. மேலே சொன்ன 48, 57 தொல்லையை நேராகப் போய்த் தொடுகிற வகை இது ஒன்றுதான். மேட்டைத்தான் வெட்டும், சில இடங்களில் பேஸே இல்லாமல் போகிற பள்ளத்தை நிரப்பாது, அதற்கு நாற்காலியை நகர்த்துங்கள். சுவருக்குப் பக்கத்தில் வைத்தாலும் அதற்கேற்பக் குறைக்கப் பின்னால் சுவிட்ச் இருக்கும்.

ஆம்ப் தனியாக வாங்க வேண்டாம் என்பதால் நாலு லட்சம் முழுசும் ஸ்பீக்கருக்கே போகும். உள்ளூர்ச் சரக்கு வேண்டும் என்றால் கொல்கத்தாவின் சோனோடைனும் ஸ்டுடியோ மானிட்டர் செய்கிறது, பாதிக் காசு மிஞ்சும்.

சிக்கல் மின்சாரத்தில் வருகிறது. இரண்டு ஸ்பீக்கருக்கு இரண்டு பிளக், இரண்டுக்கும் ஒரே எர்த் வேண்டும். மூன்று துளை சாக்கெட் இருக்கிறது என்பதற்காக எர்த் இருக்கிறது என்று நம்பாதீர்கள், பழைய வீடுகளில் பின்னால் இரண்டே வயர்தான் வந்திருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, பத்து வருஷம் கழித்து உள்ளே போர்டு போனால் ஸ்பீக்கரே ஊமை. சாதாரண ஸ்பீக்கரில் ஆம்ப் போனால் வேறு ஆம்ப். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் ஆக்டிவ் ஸ்பீக்கரின் ஒரு போர்டுக்கு மழைக்காலம் முழுக்கக் காத்திருக்க வைத்தார்கள். வாங்குவதற்கு முன்பே "போர்டு போனால் எங்கே அனுப்புவீர்கள், எத்தனை நாள்?" என்று கேளுங்கள், பதிலை பில்லோடு எழுதி வாங்குங்கள்.

## ஒரே பார்வையில்

| வகை | இடம் | ஆம்ப் | உப்பு, தூசி, தண்ணி | சொல்லாத செலவு |
|---|---|---|---|---|
| சின்னப் பொட்டி + சப் | ஓரளவு போதும் | வலுவானது வேண்டும் | பரவாயில்லை, தூக்கி வைக்கலாம் | ஸ்டாண்டு, சப், ஆம்ப் |
| டவர் | அதிகம் | நடுத்தரம் முதல் பெரிது | தரைத்தளத்தில் ஆபத்து | பெரிய ரூம் |
| ஹார்ன் | சுவரோரமே போதும் | சில வாட், இரைச்சல் இல்லாதது | பரவாயில்லை | எர்த்திங், நல்ல ஆம்ப் |
| பேனல் | மிக அதிகம் | பெரிது | மோசம் | பேனல் மாற்றுவது |
| ஆக்டிவ் | குறைவு | உள்ளேயே | உள்ளே எலக்ட்ரானிக்ஸ், கவனம் | எர்த்திங், சர்வீஸ் |

## அப்போ யாருக்கு எது

வாடகை வீடு, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மாறுவீர்கள் என்றால் ஆக்டிவ். ஒவ்வொரு ரூமிலும் திரும்ப அளந்து கொள்ளும்.

சொந்த ஃபிளாட், ஆம்ப் ஏற்கெனவே நல்லதாக இருக்கிறது, குடும்பமே கூட உட்கார்ந்து கேட்கும் என்றால் ஒரே மையத்தில் டிரைவர் வைத்த சின்னப் பொட்டி. சப்வூஃபரை ஆறு மாசம் கழித்து வாங்குங்கள், பாதிப் பேருக்குத் தேவைப்படாது.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் மெட்ராஸ் டெரஸ் போட்ட உயரக் கூரை வீடு, தடித்த சுவர், கேட்பது பறை, தவில், கானா, பழைய சினிமாப் பாட்டு என்றால் ஹார்ன். கொச்சியில் ரெத்ம் என்று ஒரு கம்பெனி ஒரே கோனில் பெரும்பகுதி ஒலியைத் தருகிற, சென்சிட்டிவிட்டி அதிகமான ஸ்பீக்கர்களைச் செய்கிறது. ஹார்ன் பிடித்தவர்கள் அதையும் ஒரு தடவை போய்க் கேட்டுவிட்டு வரலாம்.

டவர் வேண்டும் என்றே மனசு அடித்துக்கொண்டால், மாடி வீடா, இருபதடி ஹாலா என்று பாருங்கள். இரண்டும் ஆமாம் என்றால் தாராளமாக.

பழசாக வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கடலோர வீட்டில் இருந்த ஸ்பீக்கர் என்றால் பின்னால் டெர்மினலைக் கழற்றிப் பாருங்கள், பச்சைக் களிம்பு இருந்தால் உள்ளேயும் இருக்கும். கோனைச் சுற்றி இருக்கிற விளிம்பு ரப்பரா ஃபோமா என்று கேளுங்கள், பழைய ஃபோம் நம்ம ஈரத்தில் விரல் பட்டாலே உதிரும். அப்புறம் வூஃபர் கோனின் இரண்டு பக்கமும் விரல்களை வைத்து நேராக, மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். சத்தமே வரக்கூடாது. மணலில் செருப்பு உரசுகிற மாதிரி லேசாகக் கேட்டால் காந்த இடுக்கில் துரு ஏறி, கோனை ஆட்டுகிற கம்பிச்சுருளில் (வாய்ஸ் காயில்) உரசுகிறது என்று அர்த்தம், விலையைப் பாதியாகக் குறைத்தாலும் எடுக்காதீர்கள்.